மூன்றாவது சிட்டிங்

விடிந்ததும் தன் தலையணை உறையில் காபித்தூள் சிந்திக் கிடப்பதை வானதி பார்த்தாள். படுக்கையில் உட்கார்ந்து காபி குடிக்கிற சொகுசெல்லாம் அந்த வீட்டில் யாருக்கும் வாய்த்ததில்லை. விரலால் தொட்டு முகர்ந்தாள், மணமே இல்லை. கன்னத்தைத் தடவினாள், அங்கேயும் அதே சொரசொரப்பு. அப்போதுதான், முதல் சிட்டிங் முடிந்ததும் தஞ்சாவூர் தோல் கிளினிக்கில் லைட் மெஷின் பிடிக்கிற பெண் சுடர்விழி சொல்லி அனுப்பியது ஞாபகம் வந்தது. "லைட் பட்ட மங்கு கறுத்துப்போய் காபித்தூள் மாதிரி உதிரும்க்கா. பயந்துடாதீங்க. சொரண்டாதீங்க, அதுவா விழட்டும்."

அதனால் அவள் பயப்படவில்லை. பல் விளக்கிவிட்டு வந்து உதறிக்கொள்ளலாம் என்று எழுந்து போனாள். திரும்பி வந்தபோது உறை சுத்தமாக இருந்தது. பக்கத்தில் அவள் கணவர் நடராசன், ஒரு கையை இறுக்கி மூடிக்கொண்டு, திருடி அகப்பட்ட பிள்ளையைப் போல உட்கார்ந்திருந்தார்.

நடராசன் பொதுப்பணித்துறையில் முப்பது வருஷம் மதகுகளோடு மல்லுக்கட்டியவர். வெண்ணாறு எங்கே பிரிகிறது, குடமுருட்டியில் எந்த வாய்க்கால் தலைப்பு எங்கே இருக்கிறது என்று இன்றைக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிசகாமல் சொல்வார். பெண்டாட்டிதான் அவருக்கு மறந்துபோனாள். ஆடி மாதத்தில் ஒரு நாள், சாதத் தட்டை நீட்டியவளை ஏறிட்டுப் பார்த்து, "நீங்க யாருங்க? வானதி எங்க?" என்று கேட்டார். இருபத்தாறு வருஷம் வாடி போடி என்று கூப்பிட்டவர் வாயிலிருந்து வந்த அந்த மரியாதை அவளைக் கொன்றுபோட்டது. அன்றிலிருந்து கூடத்தில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோவின் முன்னால் போய் நின்றுகொண்டு, "வானதி எப்ப வருவா? வானதி எப்ப வருவா?" என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

வானதி அதை ஒரே விதமாகத்தான் புரிந்துகொண்டாள். மனுஷன் மனசில் தங்கியிருப்பது பச்சைக்கல் அட்டிகை போட்ட அந்த இருபத்திரண்டு வயது முகம். இரண்டு கன்னத்திலும் மங்கு அப்பிய இந்த நாற்பத்தெட்டு வயது முகம் இல்லை. சரி, அதே முகத்தோடு எதிரே போய் நின்றுவிட்டால்?

அந்தப் போட்டோவில் அவள் உதட்டோரத்துக் கடுகு மச்சம் இருக்காது. டச்சப் என்ற பெயரில் ஸ்டூடியோக்காரர் அழித்துவிட்டார். "என் பொண்டாட்டியக் குடுய்யான்னா யாரையோ பிரேம் போட்டுக் குடுக்கறே!" என்று நடராசன் அவரோடு சண்டைக்கே போனார். வருஷக்கணக்காக அதைச் சொல்லிச் சொல்லி இரண்டு பேரும் சிரித்திருக்கிறார்கள். வானதி அந்தச் சிரிப்பை இப்போது நினைத்துப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை.

பழைய அட்டிகை நாத்தனார் கல்யாணத்தோடு போய்விட்டது. புதிதாகக் கல் பார்க்கத் தஞ்சாவூர் அய்யங்கடைத் தெருவுக்குப் போனாள். மீரா உசேன் பாய் பச்சைக்கல்லைக் கடை விளக்கில் காட்டவே மாட்டார். வாசலுக்கு அழைத்து வந்து, ஐப்பசி மூட்டத்து வெளிச்சத்தில் ஒரு கல்லை இடுக்கியால் தூக்கிப் பிடித்தார்.

"உள்ள பாருங்கம்மா. பாசி படிஞ்ச மாதிரி கீறல் தெரியுதா? அது இருந்தாத்தான் மரகதம். ஒரு குறையும் இல்லாம இவ்ளோ பெருசு பளிச்சுன்னு இருந்தா, கண்ணாடியான்னு சந்தேகப்படணும்."

வானதி செல்போனில் கல்யாணப் போட்டோவைக் காட்டினாள். "எனக்கு இதே மாதிரி வேணும் பாய். பளிச்சுன்னு."

"போட்டோல எல்லாமே பளிச்சுன்னுதாம்மா இருக்கும்," என்றார் அவர். ஆனாலும் அவள் கேட்ட கண்ணாடிக் கற்களையே எடுத்து வைத்து, அடுத்த மாதம் மூன்றாவது சிட்டிங்குக்கு வருகிற அன்று அட்டிகை தயாராக இருக்கும் என்றார்.

அன்றைக்கு இரண்டாவது சிட்டிங். முகத்தில் குளிர்ந்த ஜெல், கண்ணில் கறுப்புக் கண்ணாடி, உதட்டோர மச்சத்தின் மேல் ஒரு வெள்ளை ஸ்டிக்கர். "மச்சத்துல லைட் படக் கூடாதுக்கா," என்றாள் சுடர்விழி. டப், டப் என்று வெளிச்சம் விழும்போதெல்லாம் மூடிய இமைக்குள் சிவப்பு வெடித்தது. ரப்பர் பேண்டால் சுண்டுவது போலச் சுரீரென்றது. எங்கேயோ முடி கருகுகிற வாசனை வந்தது.

முதல் தடவை மூன்று நாள் எடுத்துக்கொண்ட உதிர்வு இந்தத் தடவை ஒரே ராத்திரியில் முடிந்துவிட்டது. காலையில் கன்னம் மொழுமொழுவென்று இருந்தது. உறையில் ஒரு தூள்கூட இல்லை.

நடராசன் வாய்க்கால் பக்கம் இறங்கிப் போய்விடுவார் என்ற பயத்தில், வெளியே போகும்போதெல்லாம் அவள் வீட்டைப் பூட்டிக்கொண்டுதான் போவாள். அன்று மாலை அய்யம்பேட்டைக் கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்து பூட்டில் சாவியை நுழைத்தபோது, வாய்க்கால் தவளைகளின் இரைச்சலும் நனைந்த சம்பா வயலின் சேற்று வாசனையும் வாசல்வரை வந்து கவிந்திருக்க, அதற்கெல்லாம் நடுவே வீட்டுக்குள்ளிருந்து அவர் குரல் கேட்டது, மாதக்கணக்காக அவள் கேட்டிராத கொஞ்சல் குரல்.

"மங்கு இருந்தா என்னடி? உனக்கு அது அழகாத்தான் இருக்கு."

ஓடினாள். கட்டிலில் அவர் மட்டும்தான். அவள் தலையணையைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தார். உறையின் மேல் அந்தத் தூளை ஒவ்வொன்றாக எடுத்து, வாய்க்கால் வரைபடம் போட்ட அதே நிதானத்தோடு அடுக்கியிருந்தார். இரண்டு கன்னம். அவள் கன்னங்கள். தலையணையில் ஒரு தலை அளவுக்குக் குழி விழுந்திருந்தது. கை வைத்துப் பார்த்தாள். சூடாக இருந்தது.

"என்னங்க... யார்கிட்ட பேசினீங்க?"

அவர் உதட்டில் விரலை வைத்தார். "சத்தம் போடாதீங்க. வானதி தூங்கறா."

அன்று முதல் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தாள். விளக்கை அணைத்ததும் படுக்கையறையிலிருந்து ஒரு சத்தம் வரும். காய்ந்த உமியை யாரோ விரலால் அளைவது போல. பயமாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக வயிற்றெரிச்சல். ஒரு தலையணையைப் போய் என் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரே! முகம் பாதி மாறி நின்றதால்தான் இப்படி. முழுசாக அந்த முகம் வந்துவிட்டால் என்னிடமே வந்துவிடுவார் என்று அழுதபடியே நம்பினாள்.

மூன்றாவது சிட்டிங்கில், சுடர்விழி மெஷினை எடுக்கத் திரும்பிய நேரம் பார்த்து, உதட்டோர ஸ்டிக்கரைத் தானே பிய்த்துப் போட்டாள். போட்டோவில்தான் மச்சமே கிடையாதே.

கழுத்தில் அட்டிகையோடு பஸ் ஏறினாள். உதட்டோரம் அரித்தது. தொட்டுப் பார்த்தாள். மச்சம் காய்ந்து, ஒரு நூலிழையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

இறங்கும்போது ஆறு மணி. மேகம் கவிந்து இருட்டிவிட்டிருந்தது.

கதவில் பூட்டு இல்லை.

ஜன்னல் திட்டில் இருந்தது. திறந்தபடி. அவள் எப்போதும் வைக்கிற இடத்தில். சாவி அவள் பையில்.

தட்டினாள். உள்ளே தாழ்ப்பாள் விலகியது. நடராசன். வெள்ளைச் சட்டை. வகிடெடுத்துச் சீவிய தலை. வானதியைத் தவிர அவருக்குத் தலை சீவிவிட ஆள் கிடையாது.

"யாருங்க வேணும்?"

"நான்தாங்க. வானதி. நல்லாப் பாருங்க... போட்டோல இருக்கறவ."

அவர் திரும்பிக் கூடத்துப் போட்டோவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அட, நீங்களா! ரொம்ப நாளா எங்க வீட்டுலதான் மாட்டியிருக்கீங்க. யாருன்னே தெரியலை. உங்ககிட்டதானே தினம் கேப்பேன், வானதி எப்ப வருவான்னு." குரலைத் தாழ்த்தினார். "வந்துட்டா."

அடுப்படியில் மெட்டிச் சத்தம். அவள் நடை. அவள் இருமல்.

வந்து அவர் தோளுக்குப் பின்னால் நின்றது. அவளுடைய பழைய நைட்டி. இரண்டு கன்னத்திலும் மங்கு. மங்கு மட்டும்தான். தூள் தூளாக, எறும்பு போல, இடம் பார்த்து நகர்ந்துகொண்டிருந்தது. தூள் இல்லாத இடத்திலெல்லாம் அடுப்படி பல்பு தெரிந்தது.

வானதி கத்தினாள். சத்தம் வரவில்லை. அவள் குரல் அங்கிருந்து வந்தது.

"யாருங்க அது?"

"தெரிஞ்சவங்கதான்," என்ற நடராசன் கையை நீட்டி, வானதியின் உதட்டோரத்தில் நகத்தால் மெல்ல எடுத்தார். வலிக்கவே இல்லை. "தப்பா நினைச்சுக்காதீங்க. இது எங்க வானதியோடது."

அவர் விரல் நுனியில் கடுகளவு கறுப்பு. அதைக் கொண்டுபோய், பல்பு தெரிகிற அந்த இடத்தில் வைத்து அழுத்தினார். ஒட்டிக்கொண்டது. அதைச் சுற்றி ஒரு உதடு வந்து சிரித்தது.

வானதி தன் உதட்டோரத்தைத் தடவினாள். வழவழவென்று, கண்ணாடி போல, ஒரு கீறல்கூட இல்லை.

"மழை வர்ற மாதிரி இருக்கு. பாத்துப் போங்க," என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.