நலவன் வருத்தப்படுவார்

நிலாவில் பல் துலக்குகிற நேரம்தான் இரத்தம் பேசுகிற நேரம். மணிக்கட்டுக்குள் பதித்திருக்கும் குருதிக்காவலன் அன்றைய சர்க்கரையையும் உப்பையும் வாய்விட்டுச் சொல்லும். சுவர் மெல்லியது; பக்கத்து வீட்டுக்காரரின் சர்க்கரை நமக்கும் கேட்கும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கோமதிநாயகம் மட்டும் கொஞ்ச காலமாகக் குழாயை முழுக்கத் திறந்துவிட்டுக்கொண்டு பல் துலக்கினார்.

மனைவி செண்பகவல்லியின் காதில் விழக்கூடாத எண் ஒன்று இருந்தது. போன ஆண்டு அவருடைய புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று அந்தச் சுரப்பியையே எடுத்துவிட்டார்கள். எடுத்த பிறகு, பி.எஸ்.ஏ. என்கிற அந்த எண் தரையோடு கிடக்க வேண்டும். நோய் மிச்சமிருக்கிறது என்பதுபோல் அது தலைதூக்கியிருந்தது. கொஞ்சம்தான், ஆனால் மாதாமாதம்.

நிலாவில் தண்ணீரை அப்படித் திறந்துவிட்டால் எந்த மனைவிக்குத்தான் சந்தேகம் வராது? ஒருநாள் குழாயை மூடிவிட்டு அந்த எண்ணைக் கேட்டுவிட்டாள்.

"அடுத்த பள்ளத்துக் குடியிருப்புல மரகதவடிவுன்னு ஒரு டாக்டரம்மா கதிர்வீச்சு வச்சு வைத்தியம் பாக்காங்களாம். அவங்ககிட்ட மாத்திக்கிடுவோமேங்க."

"நலவன் என்ன நினைப்பாரு?"

"அது இயந்திரங்க."

"இயந்திரம்னா மரியாதை வேண்டாமா?"

அறுவை செய்தவர் நலவன்தான். எட்டுக் கை மருத்துவர். அதற்குப் பிறகு சிறுநீர் நிற்காமல் வேட்டி நனைந்துகொண்டே இருந்த வாரங்களில், பெற்ற மகனுக்குக்கூடக் காட்டாத அந்த ஈரத்தை முகம் சுளிக்காமல் துடைத்தவர். சுளிக்க அவருக்கு முகம் இல்லை என்பது வேறு விஷயம். அப்பேர்ப்பட்டவரிடம், உங்களை விட்டு வேறு ஆளிடம் போகிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

ஒவ்வொரு பரிசோதனைக்கும் சொல்லிவிடும் முடிவோடுதான் போவார். "லேசாக் கூடியிருக்கு சார், பாத்துக்கிடுவோம்" என்பார் நலவன். "சரிங்க டாக்டர்" என்று இவர் திரும்பிவிடுவார். வாசலில் அவர் முகத்தைப் பார்த்ததுமே செண்பகவல்லி உள்ளே போய் அழுவாள்.

கடைசியில் அவளே கூட வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். வேறு வழியில்லாமல் கோமதிநாயகம் மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னார்.

நலவனின் கைகள் எல்லாம் ஒருசேரத் தாழ்ந்தன.

"நல்லவேளை கேட்டீங்க சார். கத்தியோட வேலை எப்பவோ முடிஞ்சுபோச்சு. இனி கதிர்தான். எண் தலைதூக்குன அன்னைக்கே நீங்க அங்க போயிருக்கணும். முழுசாக் குணமாக நல்ல வாய்ப்பு இருந்துது."

"இப்போ?"

"குறைஞ்சிருச்சு சார்."

செண்பகவல்லி எழுந்தேவிட்டாள். "தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"பூமியில உங்க முன்னோர் டாக்டருங்ககிட்ட பேசுன பேச்சைத்தாம்மா எனக்கு ஊட்டி வளர்த்தாங்க. வேற டாக்டரைப் பாருங்கன்னு நாமளாச் சொன்னா, 'கைவிரிச்சுட்டாரே'ன்னு வீடே உடைஞ்சுபோகும். அதனால, அவங்களாக் கேக்குற வரைக்கும் காத்திருக்கணும்னு கத்துக்கிட்டேன். சார் கேக்கலை. கேட்டா நான் வருத்தப்படுவேன்னு நினைச்சிருப்பாரு. அதுவும் அந்தப் பேச்சுலயே இருக்கு."

கோமதிநாயகத்துக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. ஒருவர் மனம் இன்னொருவரால் நோகக்கூடாது என்று இருவருமாகச் சேர்ந்து அவர் ஆயுளையல்லவா கரைத்துவிட்டார்கள்! ஆனாலும் என்ன செய்வது, எழுந்ததும் கைகள் தாமாகவே குவிந்தன.

"அப்ப... போயிட்டு வாரேன் டாக்டர்."

நலவனும் இரண்டு கைகளைக் கூப்பினார். வழியனுப்பும்போது என்ன சொல்ல வேண்டும் என்பதையும் அவர் நம்மிடம்தான் கற்றிருந்தார்.

"பாத்து, மெதுவாப் போங்க சார். ஒண்ணும் அவசரமில்லை."