கோபுர நிழலில் பன்னிரண்டு பேர்

தென்கரை அலை நிறுவனத்துக்கு நான் கொடுக்க வேண்டியிருந்தது ஒரு லட்சத்து எண்பத்தேழாயிரத்து நானூற்று நாற்பது ரூபாய். மாதம் மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐந்து வீதம் நாற்பத்தெட்டு மாதம் சம்பளத்தில் பிடிப்பார்கள். எனக்கு வயது ஐம்பத்தெட்டு. கடன் முடியும்போது அறுபத்திரண்டு ஆகியிருக்கும். அதுவரை கோபுரத்து ஏணியில் ஏற என் முழங்கால் ஒத்துக்கொள்ளுமா என்று நிறுவனமும் கேட்கவில்லை, முழங்காலும் சொல்லவில்லை.

வேலை காலை ஐந்தரைக்குத் தொடங்கும். தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்களின் நடுவில் நிற்கிறது, போன்களுக்கு அலை கொடுக்கும் பதினேழாம் கோபுரம். ரோட்டிலிருந்து வரப்பு வழியாக நாலு கிலோமீட்டர் நடக்க வேண்டும். போனதும் முதலில் கோபுரத்தின் காலில் இருக்கும் நிழல் பலகை என்கிற திரையைப் படித்து, படித்தேன் என்று விரல் வைக்க வேண்டும். பிறகு, ஆளில்லாமல் வரும் தானோட்டி வண்டி கொண்டுவருகிற அறுபது லிட்டர் நன்னீரை இறக்க வேண்டும். அந்தத் தண்ணீரை வைத்து இருபத்துநாலு சூரியத் தகடுகளையும் கழுவ வேண்டும். உப்புக்காற்று ஒரே நாளில் தகட்டின் மேல் வெள்ளை பூசிவிடும். தகடு மங்கினால் கீழே இருக்கும் உப்பு மின்கலம் நிறையாது. மின்கலம் நிறையாவிட்டால் கோபுரம் ஊமை.

நிழல் பலகையில் மூன்று கணக்கு ஓடும்: உடம்பு, தண்ணீர், எழுத்து. கோபுரத்தைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்கு அதன் நிழல் என்று பெயர். வெயிலுக்கு ஒதுங்குகிற நிழல் இல்லை, சட்டத்தில் சொல்லியிருக்கிற நிழல். ஆகாயத்து அலைவரிசை கீழே வாழ்கிறவர்களின் சொத்து என்று அலைநெறிச் சட்டம் வந்தபிறகு ஏலமெல்லாம் போய்விட்டது. நிறுவனம் ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டும். நிழலில் இருக்கிறவர்களுக்கு அந்த மூன்றும் தேறினால் கட்டணம் குறையும், மோசமானால் ஏறும். எங்கள் மணிக்கட்டில் கட்டியிருக்கும் நாடிக்கச்சை உடம்பை அளந்து, பேர் இல்லாமல், தொகையை மட்டும் பலகைக்கு அனுப்பிவிடும். ஐம்பத்தொரு வயதில் நான் அந்தப் பலகையின் முன்னால் உட்கார்ந்து என் பெயரை முழுசாக எழுதிய அன்று எழுத்துக் கணக்கில் ஒன்று கூடியது. அதில் நிறுவனத்துக்கு எவ்வளவு மிச்சமோ தெரியாது. எனக்கு பஸ் போர்டு படிக்க வந்தது.

கோபுர வேலைக்கு வருமுன் முப்பது வருஷம் இதே அளத்தில் உப்பு வாரியவன் நான். அதனால்தான் அந்தத் தப்பைச் செய்தேன். வேறு ஊர்க்காரன் செய்திருக்கமாட்டான்.

கோபுரத்தைச் சுற்றியுள்ள பாத்திகளில் பதினோரு பெண்கள் வேலை செய்கிறார்கள். சித்திரை வெயில் இப்போதெல்லாம் நாற்பத்தாறுக்குக் குறைவதில்லை. அளத்து முதலாளி ஒரு டிரம் தண்ணீர் அனுப்புவார். பத்து மணிக்குள் அது ரசம் மாதிரி கொதிக்கும், பதினொன்றுக்குக் காலியாகிவிடும். போன வருஷம் மாசியில் மரியலீலா பாத்திக்குள்ளேயே சுருண்டு விழுந்தாள். தூக்கிவந்து கோபுரத்தடியில் போட்டு, தகட்டுக்கு வைத்திருந்த தண்ணீரில் ஒரு சொம்பு கொடுத்தேன். கண்ணைத் திறந்தவள் முதலில் கேட்டது இதுதான்:

"அண்ணாச்சி, இவ்வளவு ருசியான தண்ணியையா தகட்டுக்கு ஊத்துதீய?"

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. மறுநாளிலிருந்து ஆளுக்கு ஐந்து லிட்டர் என்று பதினோரு கேன் நிரப்பினேன். மீதி ஐந்து லிட்டர் இருந்தது. தகடுகளைப் பாத்தித் தண்ணீரால் கழுவி, காய்வதற்குள் துணியால் ஒற்றி எடுத்து, கடைசியில் அந்த ஐந்து லிட்டரால் ஒரு துடைப்புத் துடைத்தேன். உப்பு நிற்கிற தண்ணீரில்தான் விளையும், நிற்க விடாமல் துடைத்தால் விளையாது. முப்பது வருஷம் கண்ணால் பார்த்த விஷயம் அது. மண்வெட்டியையும் உப்பு வாரும் பலகையையும் நாங்கள் அப்படித்தான் கழுவி வைப்போம். தகடுகள் கண்ணாடியாய் மின்னின. பதினாலு மாதம் மின்னின.

தகட்டின் கண்ணாடிக்கும் அதன் விளிம்புச் சட்டத்துக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தண்ணீர் அதற்குள் நின்றது. உப்பு அங்கே விளைந்தது.

இந்த ஆண்டு சித்திரை முடிவில் மூன்று நாள் விடாமல் மேகம். நல்ல தகடு மேகத்திலும் கொஞ்சம் இழுக்கும். எங்கள் தகடுகளில் பதினொன்று உள்ளே அரித்துப்போயிருந்தன. மூன்றாம் நாள் பகல் பன்னிரண்டே காலுக்குக் கோபுரம் ஊமையானது. மூன்றே காலுக்குத்தான் மறுபடி பேசியது. அந்த மூன்று மணி நேரத்தில் மரியலீலாவின் மகள் ஆஸ்பத்திரியில் பிரசவ வலியில் இருந்தாள். காலையிலேயே சிக்கல் என்று சொல்லியிருந்தார்கள். மரியலீலா கையில் போனை வைத்துக்கொண்டு வரப்பில் ஓடினாள், நின்றாள், மறுபடி ஓடினாள். எங்கே நின்றால் அலை கிடைக்கும் என்று என்னிடம் கேட்டாள். எங்கேயும் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை.

பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். ஆனால் அன்றிலிருந்து மரியலீலா என்னோடு பேசவில்லை.

நிறுவனம் தகடுகளைப் பிரித்துப் பார்த்தது. ஒரு தகடு பதினேழாயிரத்து நாற்பது, பதினோரு தகடு. உப்புத் தண்ணீரால் கழுவியது நான்தான் என்று ஒத்துக்கொண்டேன். நன்னீர் எங்கே போனது என்று அவர்கள் கேட்கவில்லை, சோம்பேறி பாதியைக் கீழே கொட்டியிருப்பான் என்று அவர்களே அறிக்கையில் எழுதிக்கொண்டார்கள். நானும் வாயைத் திறக்கவில்லை. குடிக்கக் கொடுத்தேன் என்றால் அது திருட்டு, வேலையே போய்விடும். தொட்டியில் அளவுப் பூட்டு மாட்டினார்கள். இனி கழுவுகிற குழாய்க்கு மட்டும்தான் தண்ணீர் திறக்கும்.

வீட்டில் என் மனைவி சண்முகக்கனி சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். "ஊருக்கெல்லாம் தண்ணி ஊத்துனீய. இப்போ நமக்கு நாலு வருசம் கஞ்சி யாரு ஊத்துவா?"

"கேக்கவா செஞ்சாவ அவங்க? நானாத்தான் கொடுத்தேன்."

"அதைத்தான் நானும் சொல்லுதேன். கேட்டுக் கொடுத்திருந்தாலாவது இப்போ போயி கேக்கலாம்லா."

என்னை உண்மையில் வாட்டியது கடன் இல்லை, பலகை. உடம்புக் கணக்கில் சிறுநீரகக் கோளாறு என்று ஒரு வரி உண்டு. எங்கள் அளத்துக்கு ஒரு காலத்தில் ஒன்பது என்று இருந்தது. பிறகு இரண்டுக்கு இறங்கியிருந்தது. பூட்டு மாட்டி மூன்று வாரத்தில் மூன்று ஆனது. ஆறாவது வாரம் ஐந்து. ஒவ்வொரு காலையும் அந்த எண்ணைப் படித்து விரல் வைக்க வேண்டியவன் நான். படிக்கத் தெரியாமலே இருந்திருக்கலாம் என்று அப்போதுதான் முதல் தடவையாகத் தோன்றியது.

ஒரு கோபுரம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஊமையானால், அறுபது நாளுக்குள் அதே கோபுரத்தடியில் விசாரணை நடக்க வேண்டும் என்பது விதி. இரண்டு தவணை பிடித்து முடித்திருந்தார்கள். ஒரு காலையில் பலகைத் திரையில் அலைநெறி ஆணையத்து உறுப்பினர் வாஹிதா பானு வந்து உட்கார்ந்தார். நரைத்த முடி, மூக்குக் கண்ணாடி. நிறுவனத்துத் தரப்பில் அருள்வேந்தன் என்கிற அதிகாரி நேரிலேயே வந்திருந்தார். பாவம், சேற்றில் புது ஷூவோடு நாலு கிலோமீட்டர்.

"ஊமை நேரத்தால் பாதிக்கப்பட்டவர் யார்?" என்று உறுப்பினர் கேட்டார்.

மரியலீலா எழுந்தாள். நான் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். தண்ணீர் விஷயம் வேண்டாம் என்பதுதான் அதற்கு அர்த்தம். அவள் பார்த்தாள், பார்க்காதது மாதிரி திரும்பிக்கொண்டாள்.

"மூணு மணி நேரம் எம் பிள்ளை உயிரோட இருக்காளா இல்லையான்னு தெரியாம நின்னேன் அம்மா. இந்த அண்ணாச்சி மேல எனக்கு இன்னும் கோவம்தான். அலை போச்சுன்னா போச்சுன்னு சொல்லியிருக்கலாம்லா? அதுக்கு என்ன தண்டனையோ கொடுங்க."

"சரி, பதிவு செய்கிறேன்."

"இருங்க, முடிக்கல. அந்த நல்ல தண்ணி எங்க போச்சுன்னு ஒருத்தரும் கேக்கல. எங்க வயித்துக்குள்ள போச்சு. பதினாலு மாசம் நாங்க பதினோரு பேரும் குடிச்சோம். சோம்பேறின்னு எழுதியிருக்காவளாமே, அதை அடிங்க. கோவம் கோவம்தான், பொய் பொய்தான்."

போயிற்று, வேலையும் போயிற்று. அருள்வேந்தன் வேகமாகக் குறித்துக்கொண்டார்.

"அப்படியானால் இது நிறுவன உடைமையைத் தவறாகப் பயன்படுத்தியது, அம்மா. கூடுதல் குற்றமாகச் சேர்க்க வேண்டுகிறோம்."

உறுப்பினர் தன் திரைக்குக் குனிந்தார். எதையோ விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பிறகு பலகையில் ஒரு கோடு வந்தது. மேலிருந்து கீழே இறங்கி, தரையோடு ஓடி, கடைசியில் மறுபடி தலை தூக்குகிற கோடு. எங்கள் சிறுநீரகக் கணக்கு.

"பேச்சிமுத்து அவர்களே, தண்ணீர் கொடுக்கத் தொடங்கியது எப்போது?"

"போன வருசம் மாசி, அம்மா."

"பூட்டு மாட்டியது?"

"இந்த வருசம் வைகாசி."

கோடு இறங்கத் தொடங்கிய இடத்தையும் ஏறத் தொடங்கிய இடத்தையும் அவர் வட்டமிட்டார். "அருள்வேந்தன், இந்த இறக்கத்துக்காகச் சென்ற ஆண்டு உங்கள் நிறுவனம் கட்டணத்தில் ஆறு லட்சத்து நாற்பதாயிரம் குறைப்பு வாங்கியிருக்கிறது. காரணம் என்று என்ன எழுதினீர்கள்?"

அவர் கைத்திரையைப் பார்த்தார். "பாத்திகளின் மேல் நிழல்வலை அமைத்தது, அம்மா."

பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. மரியலீலாவால் அடக்க முடியவில்லை. "வலையா? அந்த மூட்டை கட்டு பிரிக்காம கொட்டாயில கெடக்கு சார். அது மேல உக்காந்துதான் மத்தியானம் சோறு திங்கோம். நல்ல மெத்து மெத்துன்னு இருக்கு."

அருள்வேந்தனின் முகம் சிவந்தது. அவர் எழுதிய அறிக்கை இல்லை அது, யாரோ மேலே இருந்து எழுதியது. ஆனாலும் சிவந்தது. நல்ல மனுஷன்தான்.

உறுப்பினர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "சட்டத்தின் பத்தொன்பதாம் விதி சொல்கிறது: நிழலுக்கு நன்மை யாருடைய செயலால் வந்ததோ, அந்த நன்மைக்கான குறைப்பை வாங்கிக்கொண்டு, அதே செயலால் வந்த நட்டத்தை அவர் தலையில் கட்டக் கூடாது. நிறுவனமே தேர்ந்தெடுக்கட்டும். ஆறு லட்சத்து நாற்பதாயிரத்தைத் திருப்பிக் கட்டிவிட்டு இவரிடம் தகட்டுக் காசை வசூலிக்கலாம். அல்லது குறைப்பை வைத்துக்கொண்டு இவரை விட்டுவிடலாம். பொய்க் காரணம் எழுதியது தனி விசாரணை."

எனக்குக் கூட்டல் கழித்தல் இன்னும் மெதுவாகத்தான் வரும். அருள்வேந்தனுக்கு வேகமாக வந்தது. "விட்டுவிடுகிறோம், அம்மா."

"பேச்சிமுத்து, நீங்களும் தப்புச் செய்தவர்தான்" என்றார் உறுப்பினர். "தண்ணீர் போதவில்லை என்று இந்தப் பலகையிலேயே நீங்கள் எழுதியிருக்கலாம். எழுதத் தெரிந்தவர் நீங்கள்."

அது கடனைவிட ஆழமாக இறங்கியது. உண்மைதான். பெயர் எழுதவும் போர்டு படிக்கவும்தான் எழுத்து என்று நினைத்திருந்தேன். எழுதிக் கேட்கலாம் என்று தோன்றவே இல்லை. மரியலீலா பக்கம் திரும்பிக் கைகூப்பினேன்.

"அன்னைக்கே சொல்லியிருக்கணும் தாயி. பயந்துட்டேன்."

"எங்கிட்ட கும்பிட்டு என்ன செய்ய? பேத்தியை வந்து பாருங்க. ரெண்டு மாசம் ஆச்சு, ஒரு எட்டு வரல நீங்க" என்றாள். அவள் கண் நிறைந்திருந்தது. "பொறந்தன்னைக்குப் பாட்டிக்கு போன் கெடைக்கலன்னு அவளும் உங்க மேல கோவமா இருக்கா."

விசாரணை முடிந்த ஒன்பதாம் நாள் காலை ஆணை பலகையில் வந்தது. பெண்கள் பாத்தியை விட்டு ஏறி வந்து சூழ்ந்துகொண்டார்கள். நான் எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தேன்.

"பதி...னேழாம் கோபு...ரத்துக்கு இனி நாள்தோறும் நூற்று இருபது லிட்டர் நன்னீர். அறுபது தகட்டுக்கு, அறுபது குடிக்க. குடிநீர்க் குழாய்க்குப் பூட்டு கூடாது."

"கடனைப் படிங்க அண்ணாச்சி, விடிஞ்சிரும்!"

"விடிஞ்சாச்சு, இரு. வரிசையாத்தான எனக்குப் படிக்க வரும்? 'குடிநீர், ஆளுக்கு ஐந்து லிட்டர் வீதம், பன்னிரண்டு பேருக்கு.'" நான் நிறுத்தினேன். தப்பாகப் படித்துவிட்டேனோ என்று விரல் வைத்து மறுபடி பார்த்தேன். பன்னிரண்டுதான். "பதினோரு பேருதான நீங்க? யாரு இந்தப் பன்னிரண்டாவது ஆளு?"

மரியலீலா தலையில் அடித்துக்கொண்டாள். "இவுகளை என்ன செய்ய? அது நீங்கதாம் அண்ணாச்சி! பதினாலு மாசம் எங்களுக்கு ஊத்திட்டு, வீட்டுத் தண்ணியத்தான குடிச்சீய? பாக்கலைன்னு நெனச்சீயளா? நாந்தான் ஆணையத்துக்கு எழுதிப் போட்டேன்."

"நீயா? எழுதியா?"

"ஆமா. இந்தப் பலகையிலதான். நாலு நாள் ஆச்சு எழுதி முடிக்க."

அவள் கேனைக் குழாயடியில் வைத்தாள், நிறைந்ததும் முதலில் என்னிடம் நீட்டினாள். குளிர்ந்திருந்தது. அவள் அன்றைக்குச் சொன்னது சரிதான், ருசியான தண்ணீர். ஒரே மூச்சில் பாதியைக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, பலகையில் மிச்சமிருந்த கடைசி வரியைப் படித்தேன்.

"பிடித்த இரண்டு தவணை, ஏழாயிரத்து எண்ணூற்றுப் பத்து ரூபாய், திருப்பித் தரப்பட்டது. பேச்சிமுத்துவின் பெயரில் நிலுவை ஏதுமில்லை."

படித்தேன் என்று விரல் வைத்தேன்.