இரண்டு புள்ளி என்றால் ஆள்

வரைபடத்தில் இரண்டு புள்ளிகள் கூடுதலாக இருந்தன.

நிருஷா அதை முதலில் பெரிதாக எடுக்கவில்லை. பந்தயத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது புள்ளிக்கெல்லாம் பயந்தால் எந்தப் பொறியியல் மாணவியும் உருப்பட முடியாது. வெள்ளவத்தையில் ஒரு டியூஷன் மண்டபத்தின் மூன்றாம் மாடியில், பின்னேர வகுப்பு தொடங்குமுன், அவர்களுடைய கார் சுவரோரமாகத் தானே ஓடிக்கொண்டிருந்தது. நாய்க்குட்டியளவு கார், ஓட்டுநர் இல்லை. அதன் தலையில் சுழலும் லேசர் கண் கணுக்கால் உயரத்தில் எது பட்டாலும் புள்ளியாக்கி மடிக்கணினிக்கு அனுப்பும். சுவர் என்றால் கோடு. நாலு காலும் நாலு புள்ளியாகச் சதுரமாக நின்றால் கதிரை. இரண்டு புள்ளி என்றால் ஆள். கூட்டாளி ரிஸ்கான் எழுதிய நிரல் ஒவ்வொன்றின் மேலும் பெயரையும் ஒட்டிவிடும்.

மண்டபத்தின் நடுவில் அவள் நின்ற இடத்தில் 'ஆள்' என்றிருந்தது. கடற்பக்கத்து மூலையிலும் 'ஆள்' என்றிருந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். மூலையில் ஈரம் ஊறிய சுவர், ஓர் ஆணி, அதில் தொங்கிய பழைய கலண்டர். அவ்வளவுதான். கதிரைகளைக் காலையில் அவளேதான் வெளி விறாந்தையில் அடுக்கியிருந்தாள்.

அவளுடைய பயம் அப்போது வேறு. காருக்குள் இருந்த கணினி நேற்றுத்தான் வந்தது. பழையது வேகம் போதாமல் வளைவுக்கு வளைவு சுவரில் முட்டிக்கொண்டிருந்ததால் புதிது தேடி மூன்று கிழமை மண்டையை உடைத்திருந்தார்கள். ஒன்று பற்றரியின் வோல்ட்டுக்கு ஒத்துவரவில்லை, ஒன்று மூடிக்குள் அடங்கவில்லை, ஒன்றில் லேசர் கண்ணைச் செருக இடமில்லை. எல்லாம் பொருந்திய இதை அடம்பிடித்துத் தெரிவுசெய்தவள் நிருஷா. இது பழுதென்றால் சனிக்கிழமைப் பந்தயமும் போச்சு, இறுதியாண்டுச் செயற்றிட்டமும் போச்சு.

கார் இரண்டாவது சுற்று வந்தது. ஜன்னல் சட்டங்களில் மழை ஓயாமல் தட்டிக்கொண்டிருக்க, கரையோர ரயில் ஒன்று கட்டடத்தையே மெல்ல அதிரவைத்துப் போக, மார்க்கர் மையின் நெடிக்கு அடியிலிருந்து நெடுநாள் நனைந்து காயாத துணியின் வாடை ஒன்று மெதுவாக எழுந்து வர, மூலையில் நின்ற இரண்டு புள்ளிகளும் கலண்டர்ச் சுவரை விட்டு ஓரடி முன்னே வந்திருந்தன.

கொட்டாஞ்சேனை வீட்டிலிருந்த ரிஸ்கானுக்கு அழைத்தாள். வரைபடம் அவனுடைய போனிலும் தெரியும். ஈரச் சுவரில் லேசர் தெறிக்கிறது, புதுக் கணினியில் ஏதோ பிழை, பழையதைப் போட்டு ஒருதரம் ஓடவிட்டுப் பாருங்கள் என்றான்.

மூலையைத் திரும்பித் திரும்பிப் பார்த்ததில் நாலே நாலு ஆணி கழற்றக் கால்மணி நேரம் பிடித்தது. பழைய கணினியோடு கார் தள்ளாடித் தள்ளாடி ஒரு சுற்று வந்தது. ஒரே ஓர் 'ஆள்'. அவள் மட்டும்.

நிருஷாவுக்குச் சிரிப்பு வந்தது. பந்தயம் போச்சு, தன் தெரிவு பிழை, எல்லோர் முன்னாலும் தலைகுனிய வேண்டும். பரவாயில்லை. மூலை வெறுமை. தோற்றதற்காக ஒருத்தியும் இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்கமாட்டாள்.

அந்தச் சந்தோஷம் காரைக் கையில் தூக்கும்வரைதான் இருந்தது. பழையதை ஏன் கழற்றினோம்? லேசர் கண் அனுப்புவதில் நாலில் ஒன்றைத்தான் அதனால் யோசிக்க முடியும். மிச்சத்தைத் தூசி என்று தள்ளிவிடும். மூலையில் யாரும் இல்லை என்று அது சொல்லவில்லை. பார்க்க நேரமில்லை என்றுதான் சொன்னது.

யோசிக்கத் தெரியாவிட்டாலும் எல்லாவற்றையும் பதிந்துவைக்கப் பழைய கணினிக்குத் தெரியும். ஓடிய ஒவ்வொரு ஓட்டத்தையும் இடப்பெயரும் திகதியும் போட்டுச் சேமிப்பது அவர்களுடைய வழக்கம். புதியதை மறுபடி பூட்டி, அந்தப் பதிவுகளை ஒவ்வொன்றாக அதற்குக் கொடுத்தாள். செய்திருக்கக் கூடாது.

மாசி மாதம், வளாக நடைபாதை. அவள். நடைபாதையின் அந்தக் கோடியில் இன்னோர் ஆள்.

பங்குனி, இரத்மலானையில் ஒரு களஞ்சியம். அவள். ஏழு மீற்றரில் இன்னோர் ஆள்.

ரிஸ்கான் தனியாக ஓட்டிய நாட்கள். அவன் மட்டும்.

சித்திரை, அவளுடைய வீடு. அம்மா குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற நாள். வரவேற்பறையில் அவள். மூன்று மீற்றர்.

போன மாதம். அதே வீடு. அவளுடைய அறை. ஒரு மீற்றர்.

அப்படியென்றால் வீட்டுக்கு ஓடிப் பயனில்லை. எங்கே ஓடியும் பயனில்லை. பதிவை நிறுத்தினாள். நிலத்திலிருந்த கார் தானாக நேரடி ஓட்டத்துக்கு மாறி நகரத் தொடங்கியது. திரையைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. காயாத துணியின் வாடை. மிகக் கிட்ட.

போன் அடித்தது.

"நிருஷா, கதிரையெல்லாம் வெளியில வச்சதெண்டு சொன்னீங்க தானே?" என்றான் ரிஸ்கான்.

"ஓம். நான்தான் அடுக்கினனான். ஏன்?"

"இல்ல, நடுவுல ஒரு கதிரை ஈக்குது. நீங்க எங்க நிக்கிறீங்க? வரைபடத்துல ஆள் ஒருத்தரையும் காணல்லயே."

அவள் திரையைப் பார்த்தாள். மண்டபத்தின் நடுவில், அவள் நின்ற இடத்தில், நாலு புள்ளி. சதுரமாக. முன்னால் இரண்டு, ஒட்டினாற்போல் பின்னால் இரண்டு. மேலே 'கதிரை' என்றிருந்தது.

கார் அந்தக் கதிரையில் முட்டாமல், அழகாக வளைந்து, சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது.