கூரையடிப் பிள்ளைகள்

பதினோரு நாளாக உறைபனி. கிணற்றடியில் வாளியே கல்லாகிக் கிடந்தது. ஆனால் மதியத்திலிருந்து ஜன்னலுக்கு வெளியே கூரை விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

ரோசினா எட்டிப் பார்த்தாள். ஓட்டு நுனியில் ஈரமே இல்லை. சுவரோரப் பனியில் மட்டும் வரிசையாகச் சிறு குழிகள்.

தொட்டிலில் மகன் தூங்கினான். ஞாயிறன்று ஞானஸ்நானம். அதுவரை அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று மாமியார் நோட்பூர்கா கண்டித்திருந்தாள். தலையில் தண்ணீர் விழாத பிள்ளையின் பெயரை வேறு ஏதாவது எடுத்துக்கொள்ளுமாம். வீட்டில் அவன் வெறும் ‘எலிக்குஞ்சு’.

அவனுக்காகவே பங்குக் கோவில் ஏடுகளின் படங்களைப் பார்த்துக் கணினியில் வம்சாவளி தயாரித்துக்கொண்டிருந்தாள். தலைமுறைதோறும் மூத்த மகன் பெயர் ரோமெடி; எலிக்குஞ்சுக்கு வைக்கப்போவதும் அதுதான். நடுவில், தண்ணீர் பெறாமலே இறந்த ஏழு சிசுக்கள். ‘பெயரில்லை. கோவில் கூரையடியில் அடக்கம்.’ கூரையில் வழிகிற மழையே அவற்றுக்கு ஞானஸ்நானம் என்று பெற்றவர்கள் மனதைத் தேற்றிக்கொண்ட காலம். பெயரில்லாமல் கணினி எவரையும் ஏற்கவில்லை. பிழைத்திருந்தால் இந்தப் பெயர்தானே என்று இரக்கப்பட்டு, ஏழு பேருக்கும் ரோமெடி என்றே எழுதினாள். ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொன்னாள்.

அதன் பிறகுதான் அந்தச் சத்தம்.

நோட்பூர்கா சூப்போடு வந்தாள். “குடிம்மா. கம்ப்யூட்டரை மொறைச்சா பால் சுரக்காது.”

ரோசினா செய்ததைச் சிரித்தபடியே சொன்னாள். கிழவி கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“சத்தமாவா சொன்னே?”

“ஆமா. ஏன் அத்தை, அந்தப் பிள்ளைங்களைப் புதைச்ச பழைய கோவில்தான் எப்பவோ பாழாப் போச்சே? அது எங்க இருந்துச்சு?”

நோட்பூர்கா ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே சொட்டுவது நின்றிருந்தது. அறையில் புது மண் வாசனை. சுவரின் மறுபக்கம், தரையை ஒட்டி, ஏதோ பிராண்டியது. ஓரிடத்தில் அல்ல. சுவர் நெடுக.

ரோசினா தொட்டிலுக்கு ஓடினாள். தடையெல்லாம் மறந்தது.

“ரோமெடி.”

அழுகுரல் கேட்டது. அவள் மகனின் குரல். மூச்சு முட்டி, விக்கி, மறுபடி எழும் அதே அழுகை.

ஜன்னலுக்கு வெளியே. பனிக்கு அடியில்.

தொட்டிலில் இருந்தது வாய் திறக்கவில்லை. தலைமுடி நனைந்திருந்தது. கண் சிமிட்டாமல் அவளையே பார்த்தது.

பின்னால் நோட்பூர்கா மெல்லச் சொன்னாள். “நீ பயப்படுவேன்னு சொல்லல. இந்த வீடுதாம்மா அந்தக் கோவில்.”