மாடிப்படியின் அடியில் இருந்த கறுப்பு

பழைய படங்களுக்குக் கணினியில் வண்ணம் ஏற்றுவது என் வேலை. அன்று காலை அலுவலகம் போனபோது ஒரு பூதப் படம் காத்திருந்தது. கறுப்பு வெள்ளை, அறுபது வயது.

எங்கள் முதலாளிக்கு எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும். அதனால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் பளபளா.

"இந்தக் காலத்துப் பசங்க இதப் பாத்துச் சிரிக்கிறாங்கம்மா. கலர் போடு. அந்த இருட்டையெல்லாம் எடுத்துடு. மூலை முடுக்கு எல்லாம் தெரியணும்."

எனக்குச் சுருக்கென்றது. ஒன்பது வயதில் அக்காவோடு ஒரே போர்வைக்குள் முடங்கிக்கொண்டு அந்தப் படத்தைப் பார்த்தவள் நான். பூதத்தின் முதுகில் ரப்பர் உடையின் தையல் தெரியும். அது எங்களுக்கு அப்போதே தெரியும். ஆனால் மாடிப்படிக்கு அடியில் ஒன்றுமே தெரியாத ஒரு கறுப்பு உண்டு. பூதமே அங்கே போகத் தயங்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று படம் கடைசிவரை சொல்லாது. அந்தத் திமிர்தான் எனக்குப் பிடித்தது.

வேலை போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். மதியத்துக்குள் அந்த ஒரு காட்சியில் சுவருக்கு நீலமும் பூதத்துக்குப் பச்சையும் பூசினேன். பாவம், காய்கறிக் கடையிலிருந்து தப்பி வந்ததுபோல் இருந்தது. மிச்சம் மாடிப்படி. வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றினேன்.

கறுப்பு சாம்பலாயிற்று.

இன்னும் கொஞ்சம்.

அங்கே ஒரு முதுகு இருந்தது.

படப்பிடிப்பு ஆள் யாராவது ஒதுங்கி நின்றிருப்பார் என்று நினைத்தேன். மறுபடி ஏற்றினேன். முதுகு சுவரோடு ஒடுங்கியது. ஒரு கை மெல்ல உயர்ந்து முகத்தை மறைத்துக்கொண்டது.

படம் ஓடிக்கொண்டிருக்கவில்லை. நிறுத்தித்தான் வைத்திருந்தேன்.

ஈர மண் வாசனை வந்தது. மேசைமேல் கழற்றி வைத்திருந்த ஹெட்போனிலிருந்து மூச்சுச் சத்தம் கேட்டது. பிறகு, ரொம்ப மெதுவாக, ஒரு குரல்.

"கண்ணு கூசுது..."

சட்டென்று வெளிச்சத்தை இறக்கினேன். கறுப்பு மூடிக்கொண்டது. மூச்சும் அடங்கியது.

மூன்று மணிக்குப் பளபளா வந்தார். "என்னம்மா, மாடிப்படி இன்னும் இருட்டாவே கெடக்கு?"

"அது அப்படித்தான் சார் இருக்கணும். நான் தொடமாட்டேன்."

"தொடலைன்னா வேலை இருக்காது."

"வேணாம் சார். வேற ஆள வச்சுக்குங்க." சொன்ன பிறகுதான் அது என் குரல் என்று உறைத்தது.

"நகரு." என் நாற்காலியில் உட்கார்ந்து வெளிச்சத்தை உச்சிக்கே ஏற்றினார். மாடிப்படியின் அடி பட்டப்பகலாக வெளுத்தது. ஒரு சுவர், வெறுந்தரை.

"பாத்தியா? ஒருத்தரும் இல்ல. இதுக்குப் போயி..."

நான் திரையைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் இருந்த அறை மூலையைப் பார்த்தேன். ஜன்னலில் வெயில், தலைக்குமேல் நாலு டியூப்லைட்.

அந்த மூலையில் மட்டும் வெளிச்சம் விழவில்லை.

பயத்தைவிட எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு மூலையில் தன்பாட்டுக்கு நின்ற ஒன்றை இப்படித் துரத்திவிட்டாரே! எழுந்து போய்த் திரைச்சீலையை இழுத்தேன். விளக்குகளை அணைத்தேன்.

"ஏய், என்ன பண்ற?"

"கூசுதாம் சார்."

இருட்டில் மண் வாசனை என்னைக் கடந்து வாசல் பக்கம் போனது. பளபளா சுவிட்சைத் தேடிச் சுவரைத் தடவினார். அவர் விளக்கைப் போட்டபோது மூலை மற்ற மூலைகளைப்போலவே பளிச்சென்றிருந்தது. அவர் முகம்தான் வெளுத்திருந்தது. நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அவர் கூப்பிட்டார், திரும்பவில்லை.

தெருவில் வெயில் கொளுத்தியது. என் நிழலுக்குப் பக்கத்தில் இன்னொரு நிழல், ஒரு கையால் முகத்தை மூடியபடி.

குடையை விரித்தேன். அதன் பக்கமாகக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.