ஒரு மணிக்கு மூடிய மூன்று புகார்கள்

வியாழக்கிழமை, பிற்பகல் 1.40.

தொலைபேசியில் பேசிய தலைமைச் செவிலி கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஏழாம் படுக்கையின் அழைப்பு மணி திங்கட்கிழமை முதல் அடிக்கவில்லை, பக்கத்திலேயே ஒருத்தியை உட்கார வைத்திருக்கிறோம், இன்றைக்கு ஆள் வருவார் என்றீர்கள், இப்போது பார்த்தால் 'புகார் மூடப்பட்டது' என்று செய்தி வந்திருக்கிறதே, மூடியது யார் என்று மட்டும் கேட்டார்.

படுக்கையோர மணிகளுக்கு மென்பொருள் செய்யும் நிறுவனம் அது. வருகிற புகார் ஒவ்வொன்றும் கணினியில் ஒரு டிக்கெட் ஆகும். அதற்கு ஒன்று முதல் பத்து வரை ஓர் அவசர எண் உண்டு. பத்து என்றால் சாப்பிட்ட கையைக் கழுவாமல் ஓட வேண்டும். ஏழாம் படுக்கைக்குப் பத்து போட்டிருந்தார்கள். தேடியதில், நேற்றும் இன்றுமாக மூன்று பத்துகள் அப்படிச் செத்துக் கிடந்தன. மூன்றும் மதியம் ஒரு மணிக்கு மூடப்பட்டவை. மூன்றிலும் மூடியவர் பெயர் ஒன்றுதான்: பிரம்மா.

எந்த டிக்கெட் யாரிடம் போக வேண்டும், எப்போது மூட வேண்டும் என்ற விதிகளைக் கணினியில் எழுதுகிறவன் என்பதால் அவனுக்கு அந்தப் பட்டப்பெயர். அவனுடைய அண்ணி அதே அலுவலகத்தில் மென்பொருளைச் சோதிக்கிறவள். எதைக் காட்டினாலும் "ஏன்?" என்று கேட்பதால் அவளுக்கு ஏனக்கா என்று பெயர் விழுந்திருந்தது.

2.10. மேலாளரின் அறை.

மேலாளர் கெட்டவர் அல்ல, அவசரக்காரர். நேற்றுக் காலை பிரம்மா வெள்ளிக்கிழமை விடுமுறை கேட்டிருந்தான். மனைவி புது வேலையில் சேரும் நாள், கைக்குழந்தையைப் பார்க்க ஆள் இல்லை. பத்துகள் திறந்திருக்கும்போது விடுமுறை கிடையாது என்று அவர் மறுத்திருந்தார். ஆகவே பையன் பத்துகளையே மூடிவிட்டான் என்பது அவர் கணக்கு. ஐந்து மணிக்குள் தலைமை அலுவலகத்துக்கு எழுதியாக வேண்டும், எழுதினால் அவன் வேலை போகும் என்றார். அவர் முகத்திலும் சந்தோஷம் இல்லை.

ஒரு மணிக்கு அவன் உணவறையில் பன்னிரண்டு பேர் நடுவே உட்கார்ந்திருந்ததை ஏனக்கா நினைவூட்டினாள். போனிலேயே மூடலாமே என்றார் மேலாளர்.

"ஐந்து மணி வரைக்கும் எனக்கு நேரம் கொடுங்க சார்," என்றாள் அவள்.

2.25. பிரம்மாவின் மேஜை.

"உன் பேர்ல தானா ஓடற விதி ஏதாவது இருக்கா?"

"ரெண்டு இருக்கு அண்ணி. ஒண்ணு, வாடிக்கையாளர் 'சரியாகிவிட்டது'ன்னு எழுதினா உடனே மூடும். இன்னொண்ணு தினமும் ஒரு மணிக்கு ஓடும். அவசர எண் அஞ்சுக்குக் கீழ இருந்து, ரெண்டு நாளா யாரும் தொடலன்னா மூடிடும். ஆனா இது பத்து. பத்து எப்படி அஞ்சுக்குக் கீழ வரும்?"

அந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லாததால்தான் எல்லோரும் மனிதக் கையைத் தேடினார்கள்.

ஏனக்கா முதல் விதியில் ஆரம்பித்தாள். செவிலியின் புகாரில் 'மணி சரியாக அடிக்கவில்லை' என்று இருந்தது. விதி 'சரியாக' என்பதை மட்டும் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பிவிட்டதோ? மென்பொருளின் சோதனைப் பிரதியில் அதே வாக்கியத்தைக் கொடுத்துப் பார்த்தாள். விதி அசையவில்லை. அதற்கு முழுச் சொல்லும் வேண்டியிருந்தது. தவிர, மற்ற இரண்டு புகார்களில் 'சரி' என்ற சொல்லே இல்லை. அந்த வழி அடைபட்டது.

3.15.

விடுமுறையை மறுக்க மேலாளர் நேற்றுக் காலை அச்சிட்ட பட்டியல் குப்பைக்கூடைக்குப் பக்கத்தில் கிடந்தது. திறந்திருந்த டிக்கெட்டுகள், அவசர எண்ணின்படி சிறியதிலிருந்து பெரியதாக. ஏனக்கா எண்களை மேலிருந்து கீழாக வாய்விட்டுப் படித்தாள். ஒன்று, ஒன்று, பத்து, பத்து, பத்து, பத்து கூட்டல் குறி, இரண்டு, நான்கு, ஏழு, ஒன்பது.

மறுபடியும் படித்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு ஐந்து நிமிடம் கணினியில் தட்டினாள். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

3.40. மேலாளரின் அறை.

"சார், ஒரு ஜோசியம் சொல்றேன். நாளைக்கு ஒரு மணிக்கு இன்னொரு டிக்கெட் மூடும். உங்க பெரிய வாடிக்கையாளரோடது, பத்து பிளஸ் போட்டிருக்கீங்களே, அது."

மேலாளர் எழுந்தே விட்டார். ஏனக்கா சோதனைப் பிரதியில் தேதியை நாளைக்கு மாற்றி விதியை ஓட்டினாள். டிக்கெட் அவர் கண்முன்னே மூடியது. மூடியவர் பெயர் பிரம்மா. அவனோ கையைக் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றான்.

அவள் பட்டியலை நீட்டினாள். சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கச் சொன்னால் பத்து ஏன் இரண்டுக்கு முன்னால் வந்து நிற்கிறது? கணினி அதை எண்ணாகப் பார்க்கவில்லை, எழுத்தாகப் பார்க்கிறது. அகராதியில் சொற்களை அடுக்குவதுபோல முதல் எழுத்திலிருந்து ஒப்பிடுகிறது. 10 என்று எழுதும் பத்தின் முதல் எழுத்து ஒன்று. ஒன்று ஐந்துக்கு முன்னால் வரும். ஆகவே அதன் கண்ணில் பத்து, ஐந்தைவிடச் சிறியது. ஒன்பது தப்பித்தது, பத்து மாட்டிக்கொண்டது.

"போன வாரம் வரைக்கும் ஒழுங்காத்தானே ஓடுச்சு?" என்றார் மேலாளர்.

"அப்போ அவசர எண் போடற கட்டம் எண் வகையா இருந்துச்சு சார். அதுல கூட்டல் குறி போட முடியாது. பத்து பிளஸ் எழுதணும்னா அதை எழுத்து வகையா மாத்தணும். மாத்தற உரிமை ரெண்டு பேருக்குத்தான் இருக்கு. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு இருபதுக்கு மாத்தினது இவன் இல்ல."

மேலாளர் தன் விரல்களைப் பார்த்தார்.

"அந்தப் பெரிய வாடிக்கையாளர் பத்து போதாதுன்னு நச்சரிச்சார்மா," என்றார் மெல்ல. பிறகு அவருக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பிரம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார், விடுமுறையையும் கொடுத்தார். செவிலியைத் தானே அழைத்து, மூடியது நான்தான் என்றார். நாலரைக்கு அங்கே ஆள் போய் நின்றார். மற்ற இரண்டும் திறக்கப்பட்டன. கட்டம் எண்ணுக்குத் திரும்பியது. எண்ணைத் தவிர வேறு எது வந்தாலும் தொடாமல் விட வேண்டும் என்று பிரம்மா விதியில் ஒரு வரி சேர்த்தான்.

6.05. பேருந்து நிறுத்தம்.

"அண்ணி, என்மேல கொஞ்சமாவது சந்தேகம் வந்துச்சா?"

"வந்துச்சு. சாப்பிடறப்போ உன் போன் எங்க இருந்துச்சுன்னு நாலு பேர்கிட்ட விசாரிச்சேன்."

"நாலு பேர்கிட்டயா?"

"மூணு பேர் உன் நண்பங்க, அவங்க சாட்சி செல்லாதே," என்று சொல்லிவிட்டு ஏனக்கா பேருந்தில் ஏறினாள்.