சந்தனம் பூசிய கணினி

"தொடாத எண்டா தொட்டுட்டாளே இந்த மண்டு!"

விடிந்தும் விடியாததுமாக அன்னப்பூரணியின் குரல். அவள் வீட்டைக் கடல் கொண்டுபோன நாளிலிருந்து தம்பி சுதாகரனோடுதான் இருக்கிறாள். அவன் மனைவி சுலோஜனா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். மகள் வேணுஜாவின் கன்னத்தில் சுதாகரனின் விரல் தடங்கள் சிவந்து கிடந்தன.

வேணுஜா தொட்டது கணினியை. எழுத்துப் பிடிபடாத பிள்ளைகளுக்கென்று, சண்டை முடிந்த கையோடு நிவாரணக்காரர் கொடுத்த கணினி அது. ஊர்ச் சங்கத் தலைவரல்லவா, சுதாகரன் வீட்டிலேயே வைத்துக்கொண்டான். சரஸ்வதி பூசைக்குத் திரைக் கண்ணாடியில் சந்தனப் பொட்டு அப்பி, பட்டுச் சேலையால் மூடி... பிள்ளைகள் தொட்டால் பழுதாகிவிடுமாம்! ஞாயிறானால் மட்டும் சேலை விலகும். சங்கத்து ஆம்பிளைகள் பொட்டுக்கு இடையால் சினிமாப் படம் பார்ப்பார்கள். சீ! எல்லாம் இழந்து வந்த மச்சாள் அன்னப்பூரணியின் மனம் நோகக் கூடாதென்று சுலோஜனா இவ்வளவு நாளும் வாயை மூடியிருந்தாள்.

"என்ன மனே செஞ்சாய்?" என்று மகளிடம் கேட்டாள்.

"இதோட வந்த சீடியப் போட்டனம்மா... எழுத்து வெளிச்சமாகி, தானே சத்தம் சொல்லுது. சத்தத்தோட பார்த்தா எழுத்து ஆடாம நிக்கிதும்மா..."

"பொய்! புத்தகத்தக் குடு, வாசிக்கட்டும் பாப்பம்!" என்றாள் அன்னப்பூரணி.

வேணுஜா புத்தகத்தைத் திறந்தாள். எழுத்துகள் மறுபடி ஆடின. ஒரு சொல்லும் வரவில்லை.

"பார்த்தியா? நாளைக்குக் கணினியப் பார்க்க நிவாரண ஒபிசர் வாறார். இவள அடுப்படியில இருத்து" என்றான் சுதாகரன்.

பெற்ற தகப்பன்! சுலோஜனாவுக்கு அவன் முகத்தைப் பார்க்கவே அருவருத்தது. சேலையை உருவி எறிந்தாள்.

"போடு மனே சீடிய!"

எழுத்துகள் ஒவ்வொன்றாய் ஒளிர்ந்தன. குரல் சொன்னது, பிள்ளை கூடவே சொன்னாள். சுலோஜனா சத்தத்தை நிறுத்தினாள். வேணுஜா ஒளிர்ந்த எழுத்தில் விரல் வைத்து, தானாகவே சொன்னாள்.

"தோ...ணி... ஆத்...தில்... போ...கிறது."

"சங்கத்துச் சாமானடி அது!" என்று கத்தினான் சுதாகரன்.

"அப்ப சங்கத்துப் புள்ளையள் எல்லாரும் நாளையில இருந்து இஞ்ச வருவாங்க. இது எங்கம்மா எனக்குச் சீதனமாத் தந்த வீடு. எனக்குப் பொறகு வேணுஜாட வீடு. அவள்ட வீட்டுக்குள்ள அவளத் தொடாத எண்டு சொல்ல ஒருத்தருக்கும் ஏலாது!"

அன்னப்பூரணி பொத்தென்று நிலத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் இப்பிடித்தான் மச்சாள்... சின்னதில எழுத்து ஆடிச்சி. அடிச்சி அடிச்சியே பள்ளிய உட்டு நிப்பாட்டினாங்க... அந்த வாயால நானும் மண்டு எண்டனே!"

மருமகள் வேணுஜாவை இழுத்து, அடிபட்ட கன்னத்தோடு முகம் சேர்த்து ஓவென்று அழுதாள். சுலோஜனா மச்சாளின் தோளை அணைத்துக்கொண்டாள்.

பிறகு எழுந்துபோய் ஈரத்துணி ஒன்றைக் கொண்டுவந்து புருஷனிடம் நீட்டினாள்.

"சந்தனத்தத் துடைங்க. புள்ளைக்கு எழுத்து மறைக்கிது."